பின்பக்க ஷாக் அப்சார்பர்: இரண்டு போல்ட்டும் வண்டியின் எடையும்

வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை அமுங்கி, எழுந்து, அங்கேயே அடங்கிவிட வேண்டும். அடங்காமல் தொட்டில்போல இரண்டு மூன்று முறை ஆடினால் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும் வேலை பார்வைக்குச் சின்னது. ஒரு பக்கத்துக்கு மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். ஆனால் புது ஷாக் போட்டுச் சில மாதங்களிலேயே 'டக் டக்' என்று சத்தம் கிளம்பும் வண்டிகளைக் கழற்றிப் பார்த்தால், பல சமயம் ஷாக் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் (போல்ட்டு நுழையும் துளைக்குள் இருக்கும் ரப்பர் வளையம்) கிழிந்திருக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கீழ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால் அப்படித்தான் ஆகும். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். எப்படிக் கழற்றுவது என்பதைவிட, எந்த நிலையில் இறுக்குவது என்பதில்தான் இந்த வேலை நிற்கிறது.

இங்கே சொல்வது மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, வோக்ஸ்வாகன் போலோ போன்ற முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக் கார்களுக்கு. இவற்றின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற அமைப்பு இருக்கும். சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். சுருள் ஸ்பிரிங் ஓரிடத்திலும், ஷாக் அதற்குப் பக்கத்தில் தனியாகவும் நின்றால் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். ஸ்பிரிங் ஷாக்கின் உடலையே சுற்றிக்கொண்டிருந்தால் வேலையைக் கையில் எடுக்க வேண்டாம். அதைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை முறியும், முகத்தில் அடித்தால் அதைவிடக் கொடுமை. அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே சரி.

டார்ஷன் பீம் புதிய சங்கதி இல்லை. 1974இல் வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் காலத்திலிருந்து சின்னக் கார்களின் பின்பக்கம் பெரும்பாலும் இதுதான். இரண்டு இரும்புக் கைகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் ஓர் உத்திரம். கைகளின் முன்முனை பெரிய ரப்பர் புஷ் வழியாக வண்டியின் அடியில் மாட்டியிருக்கும், பின்முனையில் சக்கரம். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் எடையைச் சுமப்பதே இல்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தைப் பிடித்து, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னச் சின்ன வால்வுகள் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. இந்த அமைப்பில் ஷாக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. சக்கரத்தைத் தூக்கும்போது பீம் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்று எல்லை கட்டுவதும் அதுதான். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பீம் தணிந்து இறங்கும், ஸ்பிரிங் கழன்று விழும், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் இழுபடும். ஆகவே ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். அந்த ஒரு பக்கத்திலும் பீமுக்கு அடியில் ஜாக்கி நின்றபடியே இருக்க வேண்டும்.

ஷாக்தான் போயிருக்கிறதா?

வண்டியின் பின்மூலையை உடம்பு எடையோடு அமுக்கிவிட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை முழுசாகப் போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி போனதை அது காட்டாது. பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, மேடு பள்ளமான வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போய்ப் பார்ப்பது நல்ல சோதனை. பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளி நகர்ந்தால் டயர் சாலையை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. டயரையும் கையால் தடவிப் பாருங்கள். சுற்றளவு நெடுக மேடும் குழியுமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது.

இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. மோசமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, இரண்டு ஷாக்கின் உடலையும் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் சைலன்சர் குழாய் ஓடினால் கை ஜாக்கிரதை. வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது ஆட்டத்தைப் பிடிக்கவே இல்லை, சும்மா நீண்டு குறுகிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய்க் கசிவை எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் எது கசிவு என்பதில் குழப்பம் உண்டு. ஷாக்கிலிருந்து நீண்டு குறுகும் தண்டான ராடு ஏறி இறங்கும்போது, எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் ஆயில் சீல் நனைந்திருப்பதற்காக மெல்லிய எண்ணெய்ப் படலம் ராடின்மேல் ஒட்டி வரும். ஆகவே ஷாக் உடலின் மேல்பகுதியில் லேசான ஈரப்பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் கோடாக வழிந்து அடிப்பகுதிவரை வந்து, தூசியோடு குழைந்து கருஞ்சேறாகக் கெட்டித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், மறுபடி வழிந்தால் சந்தேகமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பின்சக்கரத்தின் உள்பக்கம் தெரியும் ஈரம் பிரேக் எண்ணெயாகவும் இருக்கலாம். பிரேக் டிரம்மின் பின்தகட்டிலிருந்து வழிந்தால் வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை) கசிகிறது என்று அர்த்தம், அது உடனே கவனிக்க வேண்டியது. எது என்று தெரிய, ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் தண்ணீரில் கலந்துவிடும். ஷாக் எண்ணெய் மேலே மிதக்கும்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதற்குத் திட்டமான கணக்கு இல்லை. ஷாக் தயாரிக்கும் கம்பெனிகள் பொதுவாக 80,000 கி.மீ. என்ற எண்ணைச் சொல்கின்றன. நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அதைத் தாண்டியும் வரும், குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்குப் பாதியிலேயே போகும். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள், டயரையும் ஆட்டத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது

இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் மேட்டில் ஏறும்போது பின்பக்கத்தின் இரண்டு மூலையும் இரண்டு விதமாக அடங்கும், வளைவில் அது ஆபத்து. கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி என்று நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. கேப்ரியலுக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. வண்டிக் கம்பெனியின் அசல் பாகமும் கிடைக்கும். எதை வாங்கினாலும் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் மூன்று தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. சிஎன்ஜி வண்டிக்குப் பார்ட் நம்பர் வேறாக இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

பலரும் மறப்பது கூடவே வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்களை. ஷாக் முழுசாக அமுங்கும்போது அடியைத் தாங்க ராடின்மேல் உட்காரும் மெத்தையான பம்ப் ஸ்டாப், தூசி மறைப்பு, மேல் மவுண்ட்டின் (ஷாக்கின் மேல்முனையை மாட்டும் இடம்) ரப்பர் புஷ்களும் வாஷர்களும், புது நட்டுகள். பல பிராண்டுகளில் ஷாக் பெட்டிக்குள் இவை வராது. பழைய பம்ப் ஸ்டாப்பை விரலால் கிள்ளிப் பாருங்கள், பழைய பஞ்சு மெத்தைபோல உதிர்ந்தால் அதைப் புது ஷாக்கில் மாட்டக் கூடாது. பம்ப் ஸ்டாப் இல்லாத ஷாக், பெரிய குழியில் இரும்போடு இரும்பாக அடிபட்டுச் சீக்கிரம் போய்விடும். நைலான் வளையம் பதித்த நட்டைக் கழற்றினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. இருபது முப்பது ரூபாய்ச் சாமானுக்காகப் பழையதையே மாட்ட வேண்டாம்.

முந்தைய நாள் மாலை

வேலை நாளைக்கு என்றால் இன்று மாலையே இரண்டு காரியம் செய்துவிடுங்கள்.

முதலாவது அளவு. வண்டி சமதரையில், ஆள் யாரும் இல்லாமல், வழக்கமான சுமையோடு நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. நாளைக்கு இந்த எண் மிகவும் தேவைப்படும்.

இரண்டாவது துரு. கீழ் போல்ட்டு தண்ணீரும் சேறும் படும் இடத்தில் இருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்காற்றில் வாழும் வண்டியென்றால் அது நிச்சயம் இறுகியிருக்கும். வயர் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை நட்டின் ஓரத்திலும் போல்ட்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்திலும் பீய்ச்சிவிட்டுப் போய்த் தூங்குங்கள். அரை மணி நேரம் முன்னால் அடிப்பதற்கும் ராத்திரி முழுக்க ஊறவிடுவதற்கும் ஸ்பானர் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும். டிரம்மின் மேலோ பிரேக் பாகங்களின் மேலோ அந்த எண்ணெய் தெறிக்காமல் துணி போட்டு மறைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது

கெட்டியான, சமமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு புதையும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் புதையும். வேறு இடம் இல்லையென்றால் ஸ்டாண்டின் அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பலகை போடுங்கள்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் உதவாது, ஏனென்றால் அது பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். அது காற்றில் இருக்கும். வண்டியை நிறுத்தப்போவது முன்சக்கரம். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போடுங்கள். பிறகு இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், அது நசுங்கும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று இளக்கிவிடுங்கள்.

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதன் பலத்தை நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் வைக்கக் கூடாது. ஒரு டிராலி ஜாக்கியும் இரண்டு ஜாக் ஸ்டாண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். வாடகைக்கோ தெரிந்த மெக்கானிக்கிடம் இரவலாகவோ வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல் அடுக்குவது சில வீட்டு வாசல்களில் நடக்கிறது. அந்தக் கல் மெல்ல மெல்ல இறங்காது. ஒரு விரிசல் விட்டால் மறுகணம் மொத்தமாகப் பொடிந்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்பக்க இரண்டு ஜாக்கிங் இடங்களிலும் ஸ்டாண்டை நிறுத்தி, எடையை ஸ்டாண்டின்மேல் இறக்குங்கள். பீமின் நடுவில் ஜாக்கி வைத்து முழு வண்டியையும் தூக்குவதைப் பல கம்பெனிகள் கூடாதென்கின்றன; அந்த உத்திரம் முறுக்கத்துக்காக மெல்லிசாகச் செய்யப்பட்டது. வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் பக்கவாட்டில் பலமாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்துவைக்காமல் வண்டியின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள், ஸ்டாண்டு நழுவினாலும் உயிர் தப்பும்.

கழற்றுவது

மேல்பக்கம் இரண்டு விதம். சில வண்டிகளில் ஷாக்கின் ராடு முனை வண்டி உடலைத் துளைத்துக்கொண்டு டிக்கிக்குள் வந்து, பக்கவாட்டு பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் அல்லது ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே நட்டோடு நிற்கும். சிலவற்றில் சக்கர வளைவுக்குள்ளேயே தகட்டுப் பிடியை இரண்டு போல்ட்டால் மாட்டியிருப்பார்கள். இரண்டாவது வகை எளிது. முதல் வகையில் பிளாஸ்டிக் கிளிப்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடையும், கவட்டைபோன்ற கிளிப் கருவி மலிவாகவே கிடைக்கிறது. கழற்றும் முன் அந்த நட்டு, வாஷர், ரப்பர் அடுக்கை மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். குழிவான வாஷரின் எந்தப் பக்கம் ரப்பரைப் பார்க்கிறது என்பது வரை படத்தில் தெரிய வேண்டும்.

அந்த மேல் நட்டைத் திருகினால் ராடும் கூடவே சுற்றும். அதற்காகத்தான் ராடின் நுனியில் தட்டையாகச் செதுக்கியோ ஆலன் கீ நுழையும் குழியோ வைத்திருக்கிறார்கள். நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பானரால் நட்டைக் கழற்ற வேண்டும். நடுவில் துளையுள்ள சாக்கெட் இருந்தால் இன்னும் வசதி. இரண்டு நட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் கீழ் நட்டைப் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முதலில் எடுங்கள். பழைய ஷாக்தானே என்று ராடைப் பிளையரால் கடித்துப் பிடிப்பவர்கள் அதே பழக்கத்தில் புதுசையும் பிடித்துவிடுகிறார்கள். ராடின்மேல் நகக்கண் அளவு கீறல் விழுந்தாலும் போதும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அந்தக் கீறலின் விளிம்பு ஆயில் சீலின் உதட்டை அரம்போல ராவும், சீக்கிரமே கசிய ஆரம்பித்துவிடும். நட்டைத் தட்டித் தட்டிச் சுற்றும் இம்பாக்ட் கன் கருவியும் ராடு நட்டில் வேண்டாம்.

இப்போது கீழ்ப்பக்கம். டிராலி ஜாக்கியின் தலையில் மரக்கட்டை வைத்து, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தின் அடியில் கொடுத்து, பீம் ஒரு சென்டிமீட்டர் எழும்வரை தூக்குங்கள். ஷாக்கின்மேல் இருந்த இழுவை போய்விடும். நட்டைக் கழற்றிவிட்டு போல்ட்டை வெளியே தள்ளுங்கள். சரியான உயரத்தில் இருந்தால் போல்ட்டு விரலால் தள்ளினாலே வரும். வராமல் பிடித்தால் சுத்தியலை எடுக்காதீர்கள், ஜாக்கியைச் சில மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். அந்த உயரம் கிடைக்கும்போது போல்ட்டு தானாக வழிவிடும்.

பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஷாக்கைச் சாய்த்து வெளியே எடுக்க இடம் கிடைக்கும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். ஹோஸ் நாண்போல விறைத்தால் நிறுத்துங்கள்.

போல்ட்டு துருவில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. ஷாக்கின் அடியிலிருக்கும் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழல் உண்டு. போல்ட்டு அதற்குள் போகிறது. துரு அந்தக் குழலையும் போல்ட்டையும் ஒன்றாகக் கவ்விவிடுகிறது. நட்டு கழன்ற பிறகும் போல்ட்டைத் திருகினால் குழலும் சேர்ந்து சுற்றும், ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே இழுக்கும். ஷாக் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் ரப்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். நட்டைப் போல்ட்டின் முனையோடு சமமாக மாட்டி, மரையைக் காப்பாற்றிக்கொண்டு, பித்தளைச் சுத்தியலால் அடியுங்கள். நடுநடுவே முன்னும் பின்னும் திருகுங்கள், எண்ணெய் விடுங்கள். கேஸ் விளக்கால் சூடாக்கும் யோசனையை இங்கே அடியோடு மறந்துவிடுங்கள். இந்த வகைக் கார்களில் பெட்ரோல் டேங்க் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. ஷாக்குக்குள் அழுத்தமேற்றிய கேஸும் இருக்கிறது. ஒரு மணி நேரம் போராடியும் வரவில்லையென்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதில் தவறில்லை.

ஷாக் வெளியே வந்த அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா, அதன் ரப்பர் இருக்கை கிழிந்திருக்கிறதா, பிரேக் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, பீமின் முன்முனைப் பெரிய புஷ்ஷில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புது ஷாக்

பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டையும் முழுசாக நீட்டி நீளம், அடிப்புஷ்ஷின் அகலம், துளையின் விட்டம், மேல்முனை மரை எல்லாம் ஒத்திருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். புது கேஸ் ஷாக்கை அமுக்கிக் கட்டியிருக்கும் வாரை வெட்டினால் தானாக மெல்ல நீளும், அது குறையில்லை. அதற்குள் இருக்கும் நைட்ரஜனின் வேலை எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்வது. நுரைத்த எண்ணெய் வால்வில் எதிர்ப்பே காட்டாமல் ஓடிவிடும்.

கடையில் மாதக்கணக்கில் படுக்கவைத்திருந்த இரட்டைக் குழாய் (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ள) ஷாக்கில், உள்குழாய்க்குள் காற்றோ கேஸோ புகுந்திருக்கும். அப்படியே மாட்டினால் முதல் சில கிலோமீட்டர் வெற்றுத் தட்டலாகக் கேட்கும். ராடு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து முழுசாக இழுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி முழுசாக அமுக்குங்கள். மறுபடி நிமிர்த்தி இழுங்கள். நான்கைந்து முறை செய்தால் இடையில் வெறுமையாக வழுக்கும் இடம் மறைந்து, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீரான கனம் கையில் தெரியும். அமுக்குவதைவிட இழுப்பது கடினமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இதற்குப் பிறகு மாட்டும்வரை அதைப் படுக்கவைக்காதீர்கள். இதே சோதனையைப் பழைய ஷாக்கிலும் செய்து பாருங்கள். திசை மாறும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் சும்மா போய்விட்டு அப்புறம் பிடிக்கும். சாலையில் நீங்கள் உணர்ந்த ஆட்டம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

பம்ப் ஸ்டாப், தூசி மறைப்பு, அடிவாஷர், ரப்பர் என்று படத்தைப் பார்த்து அடுக்கி, ராடை மேல்துளைக்குள் நுழைத்து, மேல் ரப்பரும் வாஷரும் நட்டும் கைமுறுக்கில் போடுங்கள். பிறகு ஜாக்கியால் பீமைத் தூக்கிக் கீழ்த்துளைகளைச் சேர்த்துப் போல்ட்டை நுழையுங்கள். போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியில் மட்டும் துரு ஒட்டாத பசையை மெல்லத் தடவலாம், அடுத்த முறை கழற்றுபவருக்கு உதவும். மரையில் தடவக் கூடாது. வழுக்கும் மரையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) அதே எண்ணைக் காட்டினாலும் போல்ட்டு அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

மேல் நட்டில் ரப்பர் அடுக்கு இருந்தால் அதற்குரிய இறுக்கம் மிகக் குறைவு. பலர் ரப்பர் பிதுங்கி வாஷருக்கு வெளியே தொங்கும்வரை இறுக்கிவிடுகிறார்கள். நசுங்கிய ரப்பர் இரும்பைப்போல அதிர்வைக் கடத்தும், சீக்கிரம் வெடிக்கும். மேனுவல் எண் கிடைக்காத பட்சத்தில் ரப்பரின் விட்டம் வாஷரின் விட்டத்தைத் தொடும் இடத்தோடு நிறுத்துங்கள். ராடில் படி வெட்டியிருந்தால் நட்டு அந்தப் படியில் முட்டி நிற்கும், அதுவே அளவு.

கடைசி இறுக்கம்

கீழ்ப்புஷ்ஷின் நடுக்குழலை அந்த போல்ட்டு இரண்டு பக்கத் தகட்டோடும் சேர்த்துக் கவ்விப் பிடித்துவிடுகிறது. கவ்விய பிறகு குழல் சுற்றாது, ரப்பர் மட்டும்தான் முறுகும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பருக்கு முறுக்கமே இல்லாத நிலை அந்தத் தொங்கும் நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் பீம் பல டிகிரி மேலே சுழல்கிறது, ரப்பர் முறுகுகிறது. நிறுத்திவைத்திருக்கும் இரவிலும் அது முறுகியே கிடக்கும். குழியில் இறங்கினால் இன்னும் முறுகும். ரப்பர் குழலோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் முதலில் மயிரிழை விரிசல் விழும், பிறகு முழுசாகப் பெயர்ந்து, முன்னே சொன்ன 'டக் டக்' தொடங்கும்.

ஆகவே கீழ் போல்ட்டை இப்போது லேசாக மட்டும் இறுக்கிவிட்டு, மறுபக்கத்தையும் இதே வரிசையில் முடித்து, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டால் ஸ்பிரிங் தன் இடத்தில் அமரும். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நீண்ட கைப்பிடியால் அந்த போல்ட்டை எட்டலாம். எட்டவில்லையென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் இரண்டங்குலக் கெட்டிப் பலகை போட்டு அதன்மேல் இறக்குங்கள். அதுவும் முடியாதபோதுதான் நேற்று எடுத்த அளவு உதவும். வண்டி ஸ்டாண்டில் இருக்க, ஸ்பிரிங் கிண்ணத்தின் அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே அதே எண் வரும்வரை மெல்லத் தூக்கி, அங்கே இறுக்குங்கள். அதற்கு முன்பே வண்டி உடல் ஸ்டாண்டைவிட்டு எழத் தொடங்கினால் உடனே இறக்கிவிட்டுப் பலகை வழிக்கே திரும்புங்கள்.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் சரியான பதில். அதே விட்டமுள்ள போல்ட்டிலும் தலையில் பொறித்த எண் முக்கியம் என்பதற்காகப் பொது அட்டவணையிலிருந்து சொல்கிறேன்: எண்ணெய் தடவாத எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் எண் 8.8 என்று இருந்தால் சுமார் 85 நியூட்டன் மீட்டர், 10.9 என்று இருந்தால் சுமார் 120. கைக்கணக்கில் புரிய வேண்டுமானால், 100 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 20 கிலோ தொங்குவதற்குச் சமம். சின்ன ஸ்பானரால் 'கெட்டியா இறுக்கிட்டேன்' என்று விடுவது பெரும்பாலும் இதில் பாதியைக்கூடத் தொடாது. டார்க் ரெஞ்ச் வாங்குவதற்கு இந்த ஒரு போல்ட்டே போதுமான காரணம்.

ஓட்டிப் பார்க்கும்போது

பின்பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்ததுபோலத் தெரியலாம். கேஸின் தள்ளுவிசைதான் காரணம். பின்பக்கம் அடங்கியதும் முன்பக்கத்தின் பழைய ஷாக் இப்போதுதான் தன் தளர்வைக் காட்டும், அது வேறு வேலை. தனி ஷாக் உள்ள டார்ஷன் பீமில் சக்கரக் கோணம் மாறாது, ஆகவே இந்த வேலைக்காக வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியதில்லை. கிண்ணமாகத் தேய்ந்த டயர் மட்டும் புது ஷாக்கோடும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை ஷாக்கின் தலையில் போடாதீர்கள்.

தட்டும் சத்தம் கேட்டால் முதலில் டிக்கியைப் பாருங்கள். வேலைக்காக வெளியே எடுத்த ஜாக்கியும் ஸ்டெப்னியும் சரியாக மாட்டப்படாமல் உருண்டுகொண்டிருக்கலாம். அங்கே எதுவும் இல்லையென்றால் மேல் நட்டு. ஒரு ஆள் பின்பக்கத்தை அமுக்க, இன்னொருவர் ராடு நுனியில் விரல் வைத்தால், தளர்வு இருந்தால் விரலில் தட்டும். சின்னக் கல்சாலையில் மட்டும் தட்டினால் பெரும்பாலும் மேல் ரப்பரோ வாஷர் வரிசையோ. பெரிய பள்ளத்தில் மட்டும் இடித்தால் பம்ப் ஸ்டாப் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் கீழ் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். டிக்கியின் பிளாஸ்டிக் மறைப்பை அதுவரை மாட்டாமல் விட்டுவைத்தால் மேல் நட்டையும் பார்த்துவிடலாம்.

கழற்றிய பழைய ஷாக்கை அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, கசிந்து போனதிலும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கலாம். பழைய இரும்புக் கடையில் போடும்போது இது கேஸ் ஷாக் என்று எடுத்துச் சொல்லிக் கொடுங்கள், அங்கே அதை வெட்டுகிறவர் கையில் கேஸ் கட்டர் இருக்கும்.